மாரிகாலத்தில் வீட்டு முகப்புக்கு நிறம் மாறும் எல்.ஈ.டி. பட்டி பொருத்துதல்

வன்னியில் வீட்டை மின்விளக்கால் அலங்கரிக்கும் நாட்கள் பெரும்பாலும் மாரிகாலத்துக்குள்தான் விழுகின்றன. தீபாவளி, கார்த்திகை விளக்கீடு, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அத்தனையும் வடகீழ்ப் பருவமழையின் மாதங்களில் அடங்கிவிடுவதால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வீட்டு முகப்பில் நிறம் மாறும் எல்.ஈ.டி. பட்டியைப் பொருத்த நினைப்பவர், நிறத்தைப் பற்றி யோசிக்க முன்னர் தண்ணீரைப் பற்றி யோசித்தாக வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கும் வீட்டில் விளக்குப் போடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்குச் சோளகக் காற்றும் செம்மண் தூசியும் இருக்கின்றன.

இங்கே சொல்லப்படும் வேலைமுறை முழுவதும் ஒரே ஒழுங்கின்மேல் நிற்கிறது. 230 வோல்ற் மின்சாரம் வீட்டுச் சுவருக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். கூரை ஓரத்துக்கும் விறாந்தைக்கும் மதிலுக்கும் வெளியே செல்வது 12 அல்லது 24 வோல்ற் நேரோட்டமாக மட்டுமே இருக்க வேண்டும். சந்தையில் மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கப்படும், சிறிய பிளக்குடன் நேரடியாகச் சுவரில் செருகும் பட்டிகளும் இருக்கின்றன. அவை விலை குறைந்தவை, நீளமாக இழுக்கலாம், கண்ணுக்குப் பிரகாசமாகவும் தெரியும். ஆனால் அவற்றின் உள்ளே ஓடுவது வீட்டு மின்சாரமே. வெட்டிய முனையின் மூடி மழையில் கழன்றால், அந்த முனையில் 230 வோல்ற் திறந்தபடி நிற்கும். பிள்ளைகள் கை எட்டும் விறாந்தைக் கிறிலில் அதைச் சுற்றுவதைவிட அலங்காரம் இல்லாமல் இருப்பது நல்லது.

எந்தப் பட்டி

பட்டியின் பொதியில் 5050 என்று எழுதியிருந்தால், அதிலுள்ள ஒவ்வோர் எல்.ஈ.டி.யும் 5 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது என்று பொருள். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சில்லுகள் இருக்கும். அவை எரியும் அளவை மாற்றி மாற்றியே மற்ற நிறங்கள் பெறப்படுகின்றன. மீற்றருக்கு 60 எல்.ஈ.டி. உள்ள சாதாரண 5050 பட்டி, மூன்று நிறமும் முழுதாக எரியும்போது மீற்றருக்கு 14.4 வாற் எடுக்கும். 5 மீற்றர்ச் சுருள் ஒன்றுக்கு 72 வாற். மீற்றருக்கு 30 எல்.ஈ.டி. உள்ளது அதில் பாதியை எடுக்கும். முகப்பு அலங்காரத்துக்கு 30 போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பட்டி சுவரை நோக்கி ஒளி வீசுவதாக இருந்தால் 60 உள்ளதையே வாங்கவேண்டும். இல்லாவிட்டால் சுவரில் ஒளி தொடர்ச்சியாக விழாமல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இரண்டு வகைகளுக்கிடையே தெரிவு செய்ய வேண்டியிருக்கும். ஆர்.ஜி.பி. எனப்படும் நான்கு வயர்ப் பட்டியில் முழு நீளமும் ஒரே நேரத்தில் ஒரே நிறத்துக்கு மாறும். பிக்சல் எனப்படும் மற்ற வகையில் தரவு வயர் ஒன்று இருக்கும். ஒவ்வொரு விளக்கும், அல்லது மூன்று மூன்று விளக்குகளாக, தனித்தனியே நிறம் மாறும் என்பதால் ஒளி ஓடுவதுபோலவும் சிந்துவதுபோலவும் காட்டலாம். டபிள்யூ.எஸ். 2812பி என்ற 5 வோல்ற் வகையும் டபிள்யூ.எஸ். 2811 என்ற 12 வோல்ற் வகையும் பரவலாகக் கிடைக்கின்றன. பிக்சல் பட்டி கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதாரண பிக்சல் பட்டியில் ஒரு சில்லுப் பழுதானால் அதற்கு அப்பாலுள்ள நீளம் முழுவதும் இருண்டுவிடும். மழையில் நனையும் தாழ்வாரத்தில் அது அடிக்கடி நடக்கக்கூடிய காரியம். பிக்சல் வேண்டுமென்றால் பாலன்குடிலுக்கோ வாசல் நிலைக்கோ, மழை படாத சிறிய நீளத்துக்கு அதை வைத்துக்கொண்டு, கூரை ஓரத்துக்கு ஆர்.ஜி.பி. பட்டியை இடுவதே என் தெரிவு. ஆண்டு முழுவதும் விறாந்தை விளக்காகவும் பயன்பட வேண்டுமென்றால் வெள்ளைச் சில்லு ஒன்றையும் சேர்த்துக் கொண்ட ஆர்.ஜி.பி.டபிள்யூ. பட்டியை வாங்கலாம், மூன்று நிறங்களைக் கலந்து பெறும் வெள்ளை எப்போதும் சற்று நீலம் பாரித்துத்தான் இருக்கும்.

நீர்காப்பு அளவு ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் இரண்டு இலக்கங்களில் தரப்படுகிறது. முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் குறிக்கும். ஐ.பி. 20 என்பது அறைக்குள் மட்டும் பயன்படுவது. ஐ.பி. 65 பட்டியின் மேற்பக்கத்தில் ஒரு சிலிக்கன் பூச்சு இருக்கும். தாழ்வாரத்தின் உட்புறத்தில், நேரடி மழை படாத இடத்தில் அது தாங்கும். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஐ.பி. 67, அதாவது சிலிக்கன் குழாய்க்குள் அடைத்த பட்டி, தேவை. இந்த எண்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த முழுப் பட்டிக்கு மட்டுமே பொருந்தும்; நீங்கள் கத்தரிக்கோலை வைத்த இடத்தில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

12 வோல்ற்றா, 24 வோல்ற்றா

பட்டி நீளும்போது அதன் கடைசியில் வெள்ளை ஒளி சிவந்து போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பட்டி தரமற்றது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதும் உண்டு. நீலச் சில்லும் பச்சைச் சில்லும் எரிவதற்கு ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ற்றே போதும். வயரிலும் பட்டியின் மெல்லிய செப்பிலும் வோல்ற்றளவு குறைந்துகொண்டே போகும்போது முதலில் மங்குவது நீலமும் பச்சையும் என்பதால், எஞ்சும் ஒளி சிவந்து தெரிகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வீட்டுத்திட்ட வீடொன்றின் முன் தாழ்வாரத்துக்கும் விறாந்தைக்குமாக 10 மீற்றர்ப் பட்டி தேவைப்படுகிறது என்று கொள்வோம். அது முழுதாக எரியும்போது 144 வாற். 12 வோல்ற்றில் அதற்கு 12 அம்பியர் வேண்டும். 24 வோல்ற்றில் 6 அம்பியர் போதும். 230 வோல்ற்றை 12 அல்லது 24 வோல்ற்றாக மாற்றித் தரும் பவர் சப்ளை இருக்கும் அறையிலிருந்து பட்டி தொடங்கும் இடம் 10 மீற்றர் தொலைவில் இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும் வயரின் நீளம் 20 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.018 ஓம் என்பதால் போக 0.18 ஓம், திரும்ப 0.18 ஓம். போகும் பிளஸ் வயரில் 12 அம்பியரும் திரும்பும் மூன்று நிற வயர்களில் 4 அம்பியர் வீதமும் பாயும்போது 3 வோல்ற்றுக்குக் கிட்ட வழியிலேயே தொலைந்துவிடும்; 12இல் 3 போனால் எஞ்சுவதை வைத்து ஒழுங்காக ஒன்றையும் எரிக்க முடியாது. அதே தூரத்துக்கு 24 வோல்ற் பட்டியும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் இட்டால் இழப்பு 0.6 வோல்ற்றுக்குள் அடங்கிவிடும். கடையில் 7/0.67 வயர் என்று கேட்டால் இந்த 2.5 வயரைத்தான் எடுத்துத் தருவார்கள்.

ஆகவே 5 மீற்றருக்கு மேற்பட்ட வேலைக்கு 24 வோல்ற் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் ஒரு சிறு வசதிக்குறைவு உண்டு. மீற்றருக்கு 60 விளக்குள்ள 12 வோல்ற் பட்டியை ஒவ்வொரு 5 சென்ரிமீற்றரிலும் வெட்டலாம். 24 வோல்ற் பட்டியை ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரில்தான் வெட்ட முடியும். கூரை ஓரத்தில் 5 சென்ரிமீற்றர் கூடிக் குறைவது யார் கண்ணிலும் படாது. இன்னொன்று, இரண்டு சுருள்களை வால் தலையாகத் தொடுத்து ஒரே பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்கக்கூடாது. தாழ்வாரத்தின் நடுவில் வயரை இறக்கி, அங்கிருந்து இடமும் வலமுமாக ஒவ்வொரு சுருளைப் பிரித்து விடுவதே சரியான முறை.

பவர் சப்ளையை அதன் முழு அளவுக்கு ஓட்டக்கூடாது. 80 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் சூடு குறைந்து நீண்ட நாள் உழைக்கும். 144 வாற் பட்டிக்கு 200 வாற் பவர் சப்ளை பொருத்தம். துளையிட்ட உலோகப் பெட்டியில் வரும் வகையை வாங்கினால், பிளக்கில் செருக முன்னர் அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய தெரிவு சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். 110, 220 என இரண்டு நிலைகள் அதில் இருக்கும். அது 110இல் இருக்கும்போது நமது மின்சாரத்தைக் கொடுத்தால் ஒரு வெடிச்சத்தத்தோடு பவர் சப்ளையின் ஆயுள் முடிந்துவிடும்.

சூரியப்படல் மின்கலத்தில் விளக்கெரிக்கும் வீடுகளிலும் கரையோர வாடிகளிலும் 12 வோல்ற் பட்டியை மின்கலத்தோடு நேரே தொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஈய அமில மின்கலம் பகலில் ஏற்றப்படும்போது அதன் வோல்ற்றளவு 14.4 வரை உயரும். பட்டி அளவுக்கு மீறி எரிந்து சூடாகிக் கெடும். இடையில் 12 வோல்ற்றில் நிறுத்திக் கொடுக்கும் ஒரு சீராக்கியைப் போட்டால் பிரச்சினை இல்லை.

வெட்டுவதும் தொடுப்பதும்

சுருளை வாங்கிவந்த உடனே ஏணியில் ஏறாதீர்கள். நிலத்தில் முழுதாக விரித்து, நிறத்தை மாற்றும் கொன்ரோலரையும் பவர் சப்ளையையும் தொடுத்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என ஒவ்வொன்றாக அரைமணி நேரம் எரித்துப் பாருங்கள். சுருட்டிய நிலையில் எரித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் விளக்குகள் கெட்டுவிடும். எங்காவது ஆறு விளக்குகள் மட்டும் வேறு நிறத்தில் எரிந்தால் அந்தத் துண்டில் பழுது இருக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு இதுதான் தருணம்.

வெட்டுவதற்குரிய இடத்தில் பட்டியின் குறுக்கே ஒரு கோடும், அதன் இருபுறமும் நான்கு சிறிய செப்புப் புள்ளிகளும் இருக்கும். கோட்டின் நடுவே வெட்டினால் இரண்டு துண்டுகளுக்கும் புள்ளியில் பாதி பாதி கிடைக்கும். பிறகு சிலிக்கனை முனையிலிருந்து 1 சென்ரிமீற்றர் அளவுக்கு நீக்க வேண்டும். பிளேட்டைப் படுக்கையாகப் பிடித்து இரு ஓரங்களிலும் கீறிவிட்டு நகத்தால் உரித்தால் செப்பில் கீறல் விழாமல் கழன்று வரும். செப்புப் புள்ளியை அழிறப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கியபின், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு துளி ஈயம் வைத்து, வயர் முனையிலும் ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து ஈயப்பற்றியால் ஓரிரு விநாடி தொட்டால் போதும். கூடுதல் நேரம் வைத்தால் செப்புப் புள்ளியே பட்டியிலிருந்து கழன்று வயரோடு வந்துவிடும்.

மின்வேலை தெரிந்தவர்களே தடுமாறும் இடம் வயரின் நிறம். நான்கு நிற வயரில் பெரும்பாலும் கறுப்புத்தான் பிளஸ். சிவப்பு, பச்சை, நீல வயர்கள் அந்தந்த நிறச் சில்லுகளின் மைனஸ் பக்கங்கள். கறுப்பு என்றால் மைனஸ் என்ற பழக்கத்தில் கை தானாகவே மாறிப் போய்விடும். பட்டியில் புள்ளிகள் இருக்கும் வரிசையும் எப்போதும் ஆர்.ஜி.பி. என்ற ஒழுங்கில் இருப்பதில்லை. பிளஸ், பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையே அதிகம். புள்ளியருகே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் தொடுக்க வேண்டும்.

ஈயம் பற்றவைக்கத் தேவையில்லாத, கடித்துப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கிளிப்புகளும் கிடைக்கின்றன. அறைக்குள் அவை பரவாயில்லை. வெளியில், அதுவும் முல்லைத்தீவு, மாத்தளன் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று அவற்றின் பற்களைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். நத்தாருக்கு எரிந்தது பொங்கலுக்கு எரியாது.

பற்றவைத்த தொடுப்பை எரித்துச் சரிபார்த்த பின்னரே மூட வேண்டும். வெட்டிய முனைக்குரிய சிலிக்கன் மூடிக்குள் சிலிக்கன் பசையை நிரப்பி, நான்கு வயர்களையும் அதன் துளைகளினூடாக விட்டு, பட்டியை உள்ளே தள்ளுங்கள். பசை சற்று வெளியே பிதுங்கி வந்தால் உள்ளே காற்றிடைவெளி இல்லை என்று நம்பலாம். அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயை இழுத்துவிட்டால் இன்னும் உறுதி. இங்கே பயன்படுத்தும் சிலிக்கன் எது என்பதில் கவனம் வேண்டும். மீன்தொட்டிக்கும் கண்ணாடிக்கும் பூசும் சாதாரண சிலிக்கன் காயும்போது வினாகிரி மணம் வீசும். அந்த அமிலம் செப்பை அரிக்கும். அந்த மணம் இல்லாத, நியூற்றல் என்று குழாயில் எழுதியுள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பூசிய பிறகு ஒரு முழு நாள் அசையாமல் காயவிடுங்கள். வேறொரு தொடுப்பும் இல்லாத கடைசி முனையையும் மறக்காமல் இதேபோல் மூட வேண்டும். தண்ணீர் அதிகம் புகுவது அந்த வழியாகத்தான்.

கூரை ஓரத்தில்

இந்த வேலைக்குப் புரட்டாதி மாதம் உகந்தது. மழை இன்னும் பிடித்திருக்காது, சிலிக்கன் நிதானமாகக் காயும், வீட்டுக்குப் பூச்சு அடிப்பவர்களும் அதற்குள் அடித்து முடித்திருப்பார்கள்.

பட்டியின் முதுகில் ஒட்டும் பசை இருப்பதைக் கண்டு அதுவே போதும் என்று நினைக்கக்கூடாது. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் புதுப் பூச்சிலும் தூசி படிந்த பலகையிலும் அது இரண்டு கிழமைக்கு மேல் நிற்காது. பசையை இடம் பிடித்து வைப்பதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சிலிக்கன் கிளிப்புகளை ஆணித்திருகால் இறுக்க வேண்டும். பட்டியின் அகலத்துக்குப் பொருந்தும் கிளிப்பை வாங்குங்கள்; குழாயில் அடைத்த பட்டி, வெறும் பட்டியைவிட அகலமானது. 2020 டிசம்பர்த் தொடக்கத்தில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. அந்த மாதத்தில் நம் பக்கம் எப்படிப்பட்ட காற்று வரக்கூடும் என்பதை மனதில் வைத்துக் கிளிப்பின் எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்.

பட்டியை, கூரை ஓரத்தை மறைத்து அடிக்கும் வலன்ஸ் பலகையின் வெளிமுகத்தில் தெருவை நோக்கி ஒட்டுவதே வழக்கமாக இருக்கிறது. பலகையின் உட்பக்கத்தில், சுவரை நோக்கிச் சரிவாக ஒட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியான விளக்குகள் கண்ணில் குத்தாமல், நிறம் மட்டும் சுவர் வழியே வழிந்து இறங்கும். பலகையே மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாகவும் இருக்கும். வெள்ளை, கிறீம் போன்ற வெளிர் நிறச் சுவர்களில் எல்லா நிறமும் எடுபடும். கடும் பச்சை அடித்த சுவரில் சிவப்பு ஒளி சேறுபோலத் தெரியும் என்பதால், அப்படியான வீட்டுக்காரர் விறாந்தைத் தூணையோ மதிலையோ தெரிவு செய்வது நல்லது.

பட்டி முகத்தின் பக்கமும் முதுகின் பக்கமும் வளையும். பக்கவாட்டில் வளைத்தால் உள்ளிருக்கும் செப்புத் தடம் முறியும். மூலை வரும்போது அங்கே வெட்டி, விரற்கடை நீள வயரால் தொடுத்துத் திருப்ப வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியின் உதட்டில் பட்டியைக் கட்டாதீர்கள். இலை அடைத்துப் பீலி வழியும் நாளில் தண்ணீர் முழுவதும் பட்டியின் மேல்தான் விழும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையில் கால் வைப்பதும், அதில் துளையிடுவதும் கூடாது. சீற் உடைந்து ஆள் விழுவது ஒன்று. துளையிடும்போது கிளம்பும் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பது மற்றொன்று. கைமரத்திலோ சலாகையிலோ பலகையிலோதான் ஆணித்திருகு இறங்க வேண்டும். ஓட்டு வீட்டிலும் ஓட்டைத் தொடாமல் மரத்தில் பிடிப்பதே முறை. கிடுகுக் கூரைக்கு எந்தப் பட்டியும் வேண்டாம். தளர்ந்த ஒரு தொடுப்பு சூடேறினாலே காய்ந்த கிடுகு பற்றிக்கொள்ளும். அந்த வீடுகளில் முற்றத்தில் இரண்டு கப்பு நட்டு, குறுக்கே ஒரு சலாகை கட்டி, அதில் பட்டியை இழுக்கலாம்.

ஏணி பிடிக்க ஓர் ஆள் எப்போதும் கீழே நிற்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தில்தான் இறங்குகிறது. அந்த மூலையில் அலுமினிய ஏணியைச் சாத்தவே கூடாது, பட்டியையோ அதன் வயரையோ அந்த வயரில் தொங்கவிடவும் கூடாது.

மின்சாரம் வெளியேறும் இடம்

பவர் சப்ளையும் கொன்ரோலரும் முன்னறைக்குள், யன்னலுக்கு அருகில், நிலத்திலிருந்து உயரத்தில், காற்றோட்டத்தோடு இருக்கட்டும். துளையிட்ட உலோகப் பெட்டியின் மின்முனைகள் திறந்திருப்பதால் அதைக் காற்று போகும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, லைவ், நியூற்றல், ஏர்த் மூன்றையும் உரிய இடத்தில் இறுக்க வேண்டும். ஏர்த் வயரைத் தொடுக்காமல் விடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த உலோகப் பெட்டிக்கு அது கட்டாயம். இந்தப் பக்கத்து வேலையில் பழக்கமில்லாதவர்கள் உரிமம் பெற்ற ஒரு மின்வேலையாளரை அழைத்து இந்த மூன்று வயரையும் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மற்ற வேலையெல்லாம் வீட்டுக்காரரே செய்யலாம்.

சதுர முள் 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும். 200 வாற் பவர் சப்ளைக்கு 13 அம்பியர் பியூஸ் அளவுக்கு மீறியது. 3 அம்பியர் பியூஸை மாற்றிப் போட்டால் கோளாறு வரும்போது அது உடனே அறுந்து காப்பாற்றும். வட்ட முள் பிளக்கில் இந்த வசதி இல்லை. வீட்டின் பிரதான பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியம்பியர் றிப் சுவிச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அழுத்தியும் விழாத றிப் சுவிச், இல்லாததற்குச் சமன்.

குறைவோல்ற் வயர் வெளியேற யன்னல் சட்டத்தில் துளையிடும்போது, துளை வெளிப்புறம் தாழ்ந்து சரிவாக இருக்க வேண்டும். வெளியே வந்த வயர் உடனே மேல்நோக்கிக் கூரைக்கு ஏறக்கூடாது. முதலில் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, பிறகு ஏற வேண்டும். கூரையிலிருந்து வயர் வழியே இறங்கிவரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்; வளைவு இல்லாவிட்டால் அது வயரைப் பிடித்துக்கொண்டு நேராக அறைக்குள் போய்ப் பவர் சப்ளையில் முடியும். வெளியில் தொடுப்புப் பெட்டி வைக்க நேர்ந்தால் வயர்கள் எல்லாம் அதன் அடிப்பக்கத்தால் நுழைய வேண்டும். துளையில் எஞ்சும் இடைவெளியைச் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் விளக்குக்கு வரும், ஈசலுக்குப் பல்லி வரும், பல்லி சூடான பெட்டியைத் தேடிப் போகும். நீலமும் வெள்ளையும் பூச்சிகளை அதிகம் இழுப்பதால், ஈசல் பறக்கும் இரவுகளில் செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ மாற்றி வைத்தால் விறாந்தையில் சிறகு கூட்டும் வேலை குறையும்.

பட்டியின் கடைசி முனையை மூட முன்னரே, பட்டியை நிலத்தில் வைத்து, போடப்போகும் அதே நீள வயரோடு முழு வெள்ளையில் எரியவிட்டு, அந்த முனையில் மல்ரிமீற்றரால் ஒருமுறை அளந்துவிடுவது புத்திசாலித்தனம். 24 வோல்ற் பட்டியில் 22க்கு மேல் காட்டினால் திருப்தி. குறைந்தால் தடித்த வயர் போடுங்கள், அல்லது மற்ற முனைக்கும் ஒரு வயரைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொன்ரோலரும் பாவனையும்

பட்டியோடு வரும் சிறிய வெள்ளைக் கொன்ரோலர் பெரும்பாலும் ஒரு நிறத்துக்கு 2 அம்பியர் என்ற கணக்கில் செய்யப்பட்டது. நமது 10 மீற்றர் 24 வோல்ற் பட்டி ஒரு நிறத்துக்குச் சரியாக 2 அம்பியர் எடுப்பதால், அது விளிம்பில்தான் நிற்கும். நிறத்துக்கு 4 அம்பியர் தாங்குவதும் 24 வோல்ற்றுக்கு ஏற்றதுமான ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அகச்சிவப்பு றிமோட், கொன்ரோலரின் உணரிக்கு நேரே நீட்டினால்தான் வேலை செய்யும். வானலை றிமோட் சுவர் தாண்டியும் வேலை செய்யும். தொலைபேசியில் இயக்கும் வைபை கொன்ரோலர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதால், ரவுட்டரில் அது திறந்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வரும் ஊர்களில், கடைசியாக வைத்த நிறத்தை நினைவில் வைத்திருக்கும் கொன்ரோலரே தேவை; இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பிய நடு இரவில் வீடு தானாகவே மினுங்கத் தொடங்கும். ஒழுங்கையில் ஒரு செத்தவீடு நிகழ்ந்தால் விளக்கை அணைத்துவிடுவதற்கும் கைக்கெட்டும் றிமோட் ஒன்று இருப்பது நல்லது.

வேகமாக மின்னி மறையும் நிலையை நான் பரிந்துரைப்பதில்லை. தெருவில் போகிறவருக்கு அது ஒரு விநாடி வேடிக்கை. எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு மாதத் தலைவலி. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகக் கரைந்து மாறும் நிலையே முகப்புக்கு அழகு.

செலவுக் கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. 144 வாற் பட்டி மாலை 6 முதல் இரவு 11 வரை முழு வெள்ளையிலேயே எரிந்தாலும் நாளுக்கு 0.72 அலகு, 20 நாளைக்கு 14.4 அலகு, பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் 17 அலகுக்குள். ஒற்றை நிறத்தில் எரிந்தால் அதில் மூன்றிலொன்றுதான். ஆனால் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதால், ஒரு படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அந்தச் சில அலகுகளே பட்டியலைக் கூட்டிவிடலாம்.

இடி மின்னல் தொடங்கினால் றிமோட்டில் அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

பழுது வரும்போது அதன் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு நிறம் மட்டும் முழு நீளத்துக்கும் இல்லையென்றால் அந்த நிறத்து வயர் எங்கோ விட்டிருக்கிறது. அடுத்தடுத்த ஆறு விளக்குகள் மட்டும் இருண்டிருந்தால் அந்த 10 சென்ரிமீற்றர்த் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டைத் தொடுக்கலாம். எல்லாம் சேர்ந்து துடித்தால் பவர் சப்ளைக்குச் சுமை கூடிவிட்டது, அல்லது தண்ணீர் புகுந்து எங்கோ கசிகிறது. உடனே நிறுத்திவிட்டு முனை மூடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாய்க்குள் பனிபோல ஆவி படிந்திருக்கும் இடந்தான் தண்ணீர் புகுந்த இடம்.

பொங்கல் முடிந்ததும் பட்டியைக் கழற்றுவதா விடுவதா என்பது அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பலகைக்கு உட்புறம் இருப்பதை அப்படியே விடலாம். வெயிலுக்கு முகம் காட்டி நிற்பதைக் கழற்றிவிடுவதே நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் மலிவான மேற்பூச்சு மஞ்சளாகி வெடிக்கும். குரங்குத் தொல்லை உள்ள ஊர்களிலும் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அது வந்த சுருளிலேயே தளர்வாகச் சுற்றி, கறையானும் எலியும் போகாத மூடியுள்ள வாளியில் வையுங்கள். வாங்கும்போதே அதே உற்பத்தித் தொகுதியில் ஒரு சுருள் கூடுதலாக வாங்கி இதோடு வைத்திருந்தால் அடுத்த ஆண்டு துண்டு மாற்றும்போது நிறம் வேறுபடாது. வேறு தொகுதியின் நீலம் இந்தத் தொகுதியின் நீலத்தோடு ஒத்துப் போவதில்லை. எந்த வயர் எந்தப் புள்ளிக்கு என்பதையும், பவர் சப்ளையின் வோல்ற்றளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அந்த வாளியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள்.